பச்சிளம் பிள்ளை நித்திரையா, விழிப்பா? மூச்சையும் அசைவையும் பார்த்து அறிவோம்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் தாய்மார் கூட்டம் ஒன்றில் ஓர் இளம் தாய் எங்களிடம் கேட்ட கேள்வியிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குவோம். பாடசாலை மண்டபம் ஒன்றில் சேலையால் மறைப்புக் கட்டி ஆறு குடும்பங்கள் தங்கியிருந்த இடம் அது. பிறந்து பன்னிரண்டு நாளான அவருடைய பிள்ளை இரவில் முனகும், முகத்தைச் சுழிக்கும், கையை உதறும். பக்கத்தில் படுத்திருப்பவர்கள் எழும்பிவிடுவார்களே என்ற பயத்தில் அவர் உடனே பிள்ளையைத் தூக்குவார். தூக்கியவுடன் அது விழித்து அழத் தொடங்கும். பிறகு இருவருக்கும் நித்திரை இல்லை. "என்ர பிள்ளை ஏன் நித்திரை கொள்ளுதில்லை?" என்று அவர் கேட்டார்.

அதே கூட்டத்தில் இன்னொரு தாய், "என்ர பிள்ளை சரியான சாது. பாலுக்கும் அழாது. நேற்றுத் தொடக்கம் ஒரே நித்திரைதான்" என்றார். எல்லோரும் முதல் தாய்க்காக இரக்கப்பட்டார்கள். எங்களோடு வந்திருந்த மருத்துவமாதுவோ இரண்டாவது பிள்ளையிடம்தான் போனார். உள்ளங்காலைத் தேய்த்தும் பிள்ளை விழிக்கவில்லை. மார்பில் போட்டும் சூப்பவில்லை. அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே கிருமித் தொற்று என்று கண்டு மருந்து ஏற்றினார்கள். பிள்ளை சுகமாகித் திரும்பியது.

முதல் பிள்ளை உண்மையில் நித்திரையில்தான் இருந்தது. இரண்டாவது பிள்ளை இருந்த நிலை நித்திரையே அல்ல. இந்த வேறுபாட்டைக் கருவி எதுவும் இல்லாமல், மூச்சையும் அசைவையும் பார்த்து அறிய முடியுமா? முடியும். அதையே இப்பாடத்தில் படிப்போம்.

1. நமக்குப் பழகிய வேலைதான்

மாடு வளர்ப்பவருக்கு இது புதிய பாடம் அல்ல. பட்டியில் கன்று படுத்திருந்தால் அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்க்கிறோம். காது அசைகிறதா, அசை போடுகிறதா, தட்டினால் எழும்புகிறதா என்று பார்க்கிறோம். படுத்திருக்கும் கன்றெல்லாம் நோயுற்ற கன்று அல்ல. பேசாமல் கிடக்கும் கன்றெல்லாம் சுகமாக இருக்கும் கன்றும் அல்ல என்பதை அறிந்திருக்கிறோம். வாய் பேசாத உயிரை அதன் மூச்சிலும் அசைவிலும் வாசிக்கும் இந்தப் பழக்கத்தையே நம் பச்சிளம் பிள்ளையிடமும் காட்டுவோம்.

2. இதை ஆராய்ந்தவர்கள்

பிறந்த பிள்ளை பால் குடிக்கும், அழும், நித்திரை கொள்ளும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கி என்ற ஆய்வாளர் நித்திரை கொள்ளும் குழந்தைகளின் அருகிலிருந்து அவர்களுடைய கண் அசைவுகளைக் கவனித்தார். மூடிய இமைக்குள் கண் சில வேளை ஓடுவதும், சில வேளை அசையாமல் இருப்பதும் அவருக்குத் தெரிந்தது. இந்தப் பாதை பெரியவர்களின் நித்திரைக்கும் அவரைக் கொண்டு சென்றது. 1953ஆம் ஆண்டு அவரும் அவருடைய ஆசிரியர் நதானியேல் கிளைட்மனும், நித்திரையில் கண் விரைவாக ஓடும் வேளைகள் உண்டு என்று வெளியிட்டார்கள்.

பீற்றர் வொல்ப் என்ற வைத்தியர் புதிதாகப் பிறந்த பிள்ளைகளின் பக்கத்தில் மணிக்கணக்காக இருந்து, கண்டதை எழுதினார். 1959ஆம் ஆண்டிலும் 1966ஆம் ஆண்டிலும் அவற்றை வெளியிட்டார். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பணிபுரிந்த ஹைன்ஸ் பிரெக்டல் என்ற வைத்தியர் இவற்றை ஒழுங்குபடுத்தி, 1974ஆம் ஆண்டு ஐந்து நிலைகளாக எழுதினார். வொல்பின் வேலைக்கு முதலில் தேவைப்பட்டவை கண்ணும் பொறுமையும். இவை இரண்டும் நம்மிடம் உண்டு.

3. நான்கு கேள்விகள்

பிரெக்டலின் முறை நான்கு கேள்விகளில் அடங்கும்.

(அ) கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?
(ஆ) மூச்சு சீராக வருகிறதா, ஒழுங்கில்லாமல் வருகிறதா?
(இ) கை, கால், உடல் முழுவதும் பெரிதாக அசைகிறதா?
(ஈ) அழுகிறதா?

இக்கேள்விகளுக்கு வரும் விடைகளைக் கொண்டு பிள்ளையின் நிலையைச் சொல்லலாம்.

நிலை 1 – அமைதி நித்திரை: கண் மூடியிருக்கும். மூச்சு ஒரே அளவில் சீராக வந்துபோகும். உடல் பெரிதாக அசையாது. இடைக்கிடை ஒரு திடுக்கிடல் வரும், உடனே அடங்கும். சிறு சத்தங்களுக்குப் பிள்ளை விழிக்காது.

நிலை 2 – அசைவு நித்திரை: கண் மூடியிருக்கும், இமைக்குள் ஓடுவது தெரியும். மூச்சு ஒருமுறை விரைவாக, ஒருமுறை மெதுவாக, ஆழமும் மாறி மாறி வரும். முகம் சுழியும், வாய் சூப்பும், விரல் விரியும், முனகல் வரும், சிரிப்பும் வரும். உடல் ஒருமுறை நெளிந்து மீண்டும் அடங்கும். இதுவும் நித்திரையே.

நிலை 3 – அமைதி விழிப்பு: கண் நன்றாகத் திறந்து ஒளியுடன் இருக்கும். மூச்சு சீராக இருக்கும். உடல் அடங்கியிருக்கும். தாயின் முகத்தையே பார்க்கும், குரலைக் கேட்கும்.

நிலை 4 – அசைவு விழிப்பு: கண் திறந்திருக்கும். கை கால் அடிக்கும். மூச்சு ஒழுங்கில்லை. ஆனால் அழுகை இல்லை.

நிலை 5 – அழுகை: இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரி பிரேசெல்ரன் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட முறையில் ஆறு நிலைகள் உள்ளன. கண் சொருகி, இமை பாதி மூடி, விழிப்புக்கும் நித்திரைக்கும் நடுவில் இருக்கும் அரை நித்திரையை அவர் தனியாக எண்ணினார். வீட்டில் பார்க்கும் நமக்கும் அந்த ஆறாவது நிலை உதவும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு பெருமூச்சையோ ஒரு உதறலையோ கண்டு நிலை மாறிவிட்டது என்று எழுதக்கூடாது. சில நிமிடங்கள் தொடர்ந்து அப்படியே இருந்தால்தான் அது ஒரு நிலை. மழை ஒரு துளி விழுந்ததும் மாரி தொடங்கிவிட்டது என்று நாம் விதைப்பதில்லை அல்லவா?

4. நரி வெருட்டுகிறதா?

நித்திரையில் பிள்ளை சிரித்து, பிறகு உதட்டைப் பிதுக்கி அழப் பார்த்தால் "நரி வெருட்டுது" என்று நம் அம்மம்மாமார் சொல்வார்கள். நரி வந்து சிரிக்க வைத்து, பிறகு பயமுறுத்துகிறதாம். கதை எப்படியிருந்தாலும் அவர்களின் கண் பிழைக்கவில்லை. அவர்கள் கண்டது நிலை 2, அதாவது அசைவு நித்திரை. "நரிதான், பிள்ளையைத் தூக்காதை" என்று சொல்லி அவர்கள் விட்டுவிட்டதும் நல்ல வழியே.

பிறந்த பிள்ளை ஒரு நாளில் ஏறத்தாழ 14 முதல் 17 மணித்தியாலம் நித்திரை கொள்ளும். அதில் ஏறத்தாழ அரைவாசி அசைவு நித்திரை. வளர்ந்தவர்களின் நித்திரையில் கண் ஓடும் வேளை நாலில் ஒரு பங்கு அளவே. எனவே பிள்ளையின் நித்திரை நம்முடைய நித்திரையைப் போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே வரும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நாம் கண் மூடியதும் முதலில் அமைதி நித்திரைக்குப் போகிறோம். பச்சிளம் பிள்ளை பெரும்பாலும் முதலில் அசைவு நித்திரைக்குள் போகும். பிறகே அமைதி நித்திரைக்கு இறங்கும். ஒரு அசைவும் ஒரு அமைதியும் சேர்ந்த சுற்று பிள்ளைக்கு 50 முதல் 60 நிமிடம். வளர்ந்தவருக்கு 90 நிமிடம் அளவில். மூன்று மாதமளவில் பிள்ளையின் நித்திரை மெல்ல மாறத் தொடங்கும். அமைதி நித்திரையின் பங்கு கூடிவரும்.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையிடம் இந்த நிலைகள் தெளிவாகப் பிரிந்து தெரியாது. தாயின் வயிற்றில் 36 முதல் 38 வாரமளவிலேயே இவை ஒழுங்காக உருப்பெறுகின்றன. ஆகவே குறைமாதப் பிள்ளையைப் பார்த்து "ஒன்றும் விளங்கவில்லையே" என்று மனம் தளரத் தேவையில்லை.

5. செய்து பார்ப்போம்

தேவையானவை: ஒரு மணிக்கூடு, ஒரு பழைய கொப்பி, ஒரு பென்சில்.

பிள்ளையை மல்லாக்காகப் படுக்க வையுங்கள். வயிறு தெரியும்படி துணியைச் சற்று விலக்குங்கள். குளிர் பிடிக்க விடாதீர்கள். பச்சிளம் பிள்ளை வயிற்றால்தான் மூச்சு விடும். வயிறு ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டு, நேரத்தோடு எழுதுங்கள். மாதிரிக்கு ஒரு பக்கம் தருகிறோம்.

இரவு 8.00 – கண் திறந்திருக்கிறது, உடல் அடங்கியிருக்கிறது. நிலை 3. பால் கொடுத்தோம்.
8.20 – கண் சொருகுகிறது. அரை நித்திரை.
8.25 – கண் மூடியது. மூச்சு ஒழுங்கில்லை. சிரிப்பு. நிலை 2.
8.50 – கண் மூடியிருக்கிறது. மூச்சு சீர். அசைவில்லை. நிலை 1.
9.15 – மூச்சு மீண்டும் ஒழுங்கில்லை. முனகல், கை உதறல். நிலை 2.
9.40 – மூச்சு சீர். நிலை 1.

8.25க்குத் தொடங்கிய சுற்று 9.15க்கு முடிந்தது, 50 நிமிடம். இப்போது 9.15ஐப் பாருங்கள். நாம் முதலில் சொன்ன தாய் பிள்ளையைத் தூக்கியது இந்த நேரத்தில்தான். பிள்ளை அழைக்கவில்லை; ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. கண் மூடியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் 9.40க்கு அது மீண்டும் அமைதி நித்திரைக்குப் போயிருக்கும். தாயும் சற்றுக் கண் அயர்ந்திருப்பார்.

அந்தத் தாய் பிறகு செய்ததும் இதுவே. பக்கத்துக் குடும்பங்களுக்கும் சொல்லி வைத்தார். "பிள்ளை முனகினா பயப்படாதேங்கோ அக்கா, அது நித்திரைதான்" என்று அவர் சொன்னதும் அயலவர்களின் முணுமுணுப்பும் குறைந்தது.

6. அறிந்ததைப் பயன்படுத்துவது எப்படி?

பால் கொடுக்க நல்ல வேளை நிலை 3. வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடுவதும், கையை வாய்க்குக் கொண்டுபோவதும் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை பசியின் கடைசி அறிகுறி. அழுது களைத்த பிள்ளை மார்பைச் சரியாகப் பிடிக்காது; முதலில் தோளில் போட்டு ஆற்ற வேண்டும்.

நிறை குறைந்த பிள்ளையையும், முதல் நாட்களில் அதிகம் நித்திரை கொள்ளும் பிள்ளையையும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்வார்கள். நிலை 1இல் எழுப்பினால் பிள்ளை இலேசில் விழிக்காது, தாய்தான் களைப்பார். கண் இமைக்குள் ஓடி, வாய் சூப்பத் தொடங்கும் நிலை 2 வரை சற்றுப் பொறுத்துத் தூக்குங்கள். சுலபமாக விழித்துப் பால் குடிக்கும்.

பிள்ளையோடு கதைக்கவும், முகம் காட்டவும் ஏற்றது நிலை 3. தந்தைமாரும் இந்த வேளையைத் தவறவிட வேண்டாம். நிலை 4இல் பிள்ளை களைக்கத் தொடங்கியிருக்கலாம். சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து மார்போடு அணைத்தால் அழுகைக்குப் போகாமல் தடுக்கலாம்.

நித்திரைக்கு எப்போதும் மல்லாக்காகவே கிடத்துங்கள். இது பல உயிர்களைக் காத்த அறிவு. 1990களின் தொடக்கத்திலிருந்து பல நாடுகளில் இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு நித்திரையில் திடீரென இறக்கும் பிள்ளைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. பாய் சமதளமாக இருக்கட்டும். தலையணையும், முகத்தை மூடக்கூடிய துணியும் வேண்டாம். ஏணையில் வளர்த்தினால் நாடி நெஞ்சில் முட்டி மூச்சை நெருக்காமல் அடிக்கடி பாருங்கள். நித்திரை ஆனதும் பாயில் கிடத்துவது நல்லது. நுளம்பு வலை கட்டுங்கள். அடுப்புப் புகையும், பீடி சிகரெட் புகையும் பிள்ளை கிடக்கும் மூலைக்கு வரக்கூடாது.

7. எப்போது நித்திரை அல்ல?

பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுவே.

மூச்சை எண்ணுதல்: பிள்ளை அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். பச்சிளம் பிள்ளையின் மூச்சு ஒரே அளவாக வராது. அழுத கையோடும், பால் குடித்த கையோடும் எண்ண வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் திரும்பவும் எண்ணுங்கள். திரும்பவும் அப்படியே என்றால் அது விரைவு மூச்சு. 2 மாதம் முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேலும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் வந்தால் விரைவு மூச்சு. விரைவு மூச்சு சுவாச நோயின் அறிகுறியாகலாம். வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மூச்சு நிற்பது போலத் தோன்றல்: பச்சிளம் பிள்ளை சில மூச்சு விரைவாக விட்டு, 5 முதல் 10 விநாடி நிறுத்தி, மீண்டும் தொடங்குவது உண்டு. நிறமும் உடற்பிடிப்பும் மாறாவிட்டால் இது இயல்பு. 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, குறைந்த நேரமே நின்றும் உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ, உடல் துவண்டாலோ ஆபத்து.

உதறலா, வலிப்பா: உதறும் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் சாதாரண நடுக்கம். பிடித்தும் உள்ளே துடித்துக்கொண்டிருந்தால், கண் ஒரு பக்கம் இழுபட்டு நின்றால், அதை வலிப்பாகவே எண்ணி விரைந்து செல்லுங்கள்.

எழுப்பிப் பார்த்தல்: சந்தேகமாக இருந்தால் துணியை அவிழ்த்து, உள்ளங்காலைத் தேய்த்து, மார்பில் போட்டுப் பாருங்கள். சுகமான பிள்ளை அமைதி நித்திரையிலிருந்தும் சற்று நேரத்தில் நெளிந்து, முகம் சுழித்து விழிக்கும். அதன் நிலைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் அசைவு நித்திரையே வராமல், பால் நேரம் தாண்டியும் ஒரே மாதிரிக் கிடக்கும் பிள்ளையை "சாது" என்று விட்டுவிடக்கூடாது.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாள் வரை பொறுக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்:

– பால் சூப்ப முடியவில்லை, அல்லது சூப்புவது மிகக் குறைந்துவிட்டது.
– எழுப்பியும் விழிக்கவில்லை. தொட்டால் மட்டும் அசைகிறது, அல்லது அசைவே இல்லை.
– விரைவு மூச்சு; மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்ளே போகிறது; முனகியபடியே மூச்சு விடுகிறது.
– வலிப்பு.
– உடல் சுடுகிறது (37.5 பாகை செல்சியஸ் அல்லது மேல்), அல்லது குளிர்ந்துவிட்டது (35.5 பாகைக்குக் கீழ்). வெப்பமானி இல்லாவிட்டால் பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். பாதத்தோடு வயிறும் குளிர்ந்திருந்தால் ஆபத்து.
– உதடும் நாக்கும் நீலம்.

போகும் வழியில் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படும்படி வைத்து மேலே துணியால் போர்த்துங்கள், முகம் திறந்திருக்கட்டும். சூப்பக்கூடிய பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எழுதிய கொப்பியையும், பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள். "நேற்று மாலை 4 மணிக்குப் பிறகு பால் குடிக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 68" என்று நீங்கள் சொன்னால், வைத்தியருக்கு அது பெரிய உதவி.

8. குழுவாகக் கலந்துரையாட

1. அம்மம்மா, அப்பாச்சிமாரிடம் கேளுங்கள்: பிள்ளையின் நித்திரை பற்றி அவர்கள் சொல்லும் கதைகள் எவை? அவை எந்த நிலையைக் குறிக்கின்றன?
2. ஒரு பிள்ளையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்துத் தனித்தனியாக எழுதுங்கள். விடைகள் எங்கே வேறுபடுகின்றன? ஏன்?
3. உங்கள் தங்குமிடத்தில் இரவில் பிள்ளையோடு விழித்திருக்கும் தாய்க்கு, மற்றவர்கள் முறைவைத்து எப்படி உதவலாம்?
4. நடு இரவில் ஆபத்து அறிகுறி தெரிந்தால் யார் வாகனம் தருவார்? யார் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பார்? இன்றே முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வீடும் வயலும் விட்டு வந்த இடத்தில் பிள்ளை பெற்ற தாய்க்கு எல்லாமே புதிது; அருகில் சொல்லிக் கொடுக்கத் தன் தாயும் இல்லாமல் இருக்கலாம். அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒருமுறை இந்த நான்கு கேள்விகளையும் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். கண், மூச்சு, அசைவு, அழுகை. விடை நித்திரை என்று வந்தால் தாயையும் சற்று நித்திரை கொள்ளச் சொல்லுங்கள். நித்திரை அல்ல என்று வந்தால் அவரோடு கூடவே வைத்தியசாலைக்குப் போங்கள்.